மூன்று மணிக்குப் பிறகும் தொங்கிய வேப்பங்குழை

திருகோணமலையிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலும் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் இரண்டு முறை வீதியை விட்டு வயலுக்குள் இறங்கியிருக்கிறேன். அதனால்தான் சென்ற வருடம் தடித்த ரயர் போட்ட பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, கார் வராத, சரளை மண் போட்ட கிரவல் பாதைகளைத் தேடத் தொடங்கினேன். ஓகஸ்ட் மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறையில் நாவற்குளத்திலிருந்து காட்டு மலைகளுக்குள்ளால் கன்னியாவுக்குப் போனது அப்படித்தான்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். போன பாதையால் திரும்பி வருவது எனக்குப் பிடிக்காது. படவரைஞர் வேலை பார்க்கிறவன். வரைபடத்தில் கோடு வட்டமாக மூடினால்தான் மனம் ஆறும். என் மனைவி இதற்கு 'வட்ட வியாதி' என்று பெயர் வைத்திருக்கிறாள். இந்த வியாதியால் வந்த வினையும் கீழே வருகிறது.

அன்புவழிபுரத்தில் என் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். சாம்பல்தீவு வரை ஆறு கிலோமீற்றர் தார் வீதி. அங்கிருந்து மேற்கே திரும்பி இன்னும் ஆறு கிலோமீற்றர் போனால் நாவற்குளம் என்ற சின்னக் குடியிருப்பு. இருபது வீடு இருக்கும். குளக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு கடை. அங்கே எட்டே காலுக்குப் பிளேன்ரீயும் இரண்டு பணிஸும் வாங்கினேன், நூற்றைம்பது ரூபாய். கடைக்காரி யோகமக்கா என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவர். கணவர் செல்வராசா எருமை வைத்திருக்கிறார், அந்நேரம் குளத்துக்குள் நின்று எருமைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கடைக்கு எதிரே காட்டு வாசலில் ஒரு பாலை மரம், அதன் அடியில் பிள்ளையார் கல். தாழ்ந்த கிளையில் இலைக்கொத்துகள் ஏழெட்டுத் தொங்கின. விறகுக்கும் தேனுக்கும் மாட்டோடும் போகிறவர்கள் உள்ளே நுழையுமுன் ஒரு குழை முறித்து அதில் மாட்டுவது வழக்கம் என்று யோகமக்கா சொன்னார். என்னையும் மாட்டச் சொன்னார். கைக்கு எட்டிய வேப்பங்குழை ஒன்றை முறித்து மாட்டி, கும்பிட்டு, படமும் எடுத்துக்கொண்டேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டார். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றேன். யானைக்குப் போட்ட மின்சார வேலியின் கேற்றைத் திறந்து நான் உள்ளே போகும்போது மணி எட்டே முக்கால்.

பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதின்மூன்று கிலோமீற்றர், முழுவதும் கிரவல். ஒரு காலத்தில் மரம் ஏற்றிய லொறிகள் ஓடிய பாதையாம். இப்போது ஒரு மோட்டார் சைக்கிளைக்கூட நான் காணவில்லை. முதல் நாலு கிலோமீற்றர் சமதரை, இரு பக்கமும் பாலையும் வீரையும் நிழல் தருகின்றன. பிறகு மூன்று ஏற்றங்கள். இரண்டாவது ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன், அதில் வெட்கமில்லை. உச்சிப் பாறையில் ஏறி நின்றால் கிழக்கே துறைமுகத்தின் ஒரு துண்டு நீலமாகத் தெரிகிறது. முக்கால் மணித்தியாலம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மயில் கத்துவதைத் தவிர வேறு சத்தமில்லை. எனக்கு நல்ல சந்தோசம், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இறக்கத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேரே முகத்தில் அடித்தது. ஒன்பதாவது கிலோமீற்றரில் யானை லத்தி, இன்னும் ஈரம் காயவில்லை. அதைக் கண்டபிறகு வேகம் தானாக வந்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் கன்னியாப் பக்கம் வெளியே வந்துவிட்டேன். வெந்நீர்க் கிணறுகளில் ஏழு வாளி மாறி மாறி ஊற்றியதில் முழங்கால் நோவு போன இடம் தெரியவில்லை. வாசலில் நானூற்றைம்பது ரூபாய்க்குச் சோற்றுப் பார்சல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் படுத்தேன். கண் விழிக்கும்போது மணி நாலு.

சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பக்கத்தில் இருந்த ஓட்டோக்காரருக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"நாவற்குளத்தில என்ர மச்சான் எடுத்தவர். சைக்கிள்ல ஒருத்தர் காட்டுக்குள்ள போனவராம், இன்னும் வரேல்லையாம். தேடி ஒரு ஆள் போயிருக்கிறாராம்."

நானும் பெரிய மனிதனாக, இப்படியான ஆட்கள் பாதையை விசாரிக்காமல் போய்விடுகிறார்கள் என்று ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். ஓட்டோக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் கிடந்த என் சிவப்பு ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"வயசான ஆளாம். சிவப்புத் தொப்பியாம்."

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. 'வயசான' என்ற சொல்தான் முதலில் சுட்டது. மிச்சம் விளங்க இன்னும் இரண்டு விநாடி எடுத்தது.

காட்டுக்கு யார் போனது என்று கேட்டேன். செல்வராசா, தனியாக, தன் சைக்கிளில் மூன்றரைக்குப் போயிருக்கிறார். ஓட்டோக்காரர் மச்சானுக்கு உடனே எடுத்து ஆள் இங்கே இருக்கிறார் என்று சொன்னார். ஆனால் மலைக்குள் சிக்னல் கிடையாது. காட்டுக்குள் இருக்கிறவருக்கு அதை யார் சொல்வது? ஐந்தரைக்கு மேல் யானைகள் குளத்துக்கு இறங்குவதும் அந்தப் பாதையால்தான். சைக்கிளை ஓட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நாலு நாற்பதுக்குப் புறப்பட்டோம். நகரப் பக்கமாகச் சுற்றிப் பத்தொன்பது கிலோமீற்றர், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வழியில் விசயத்தை அவர்தான் விளக்கினார். காட்டுக்குள் போகும்போது மாட்டுகிற குழையை வெளியே வரும்போது மாட்டியவரே எடுத்துவிட வேண்டும். மூன்று மணிக்குப் பிறகும் ஒரு குழை தொங்கினால் உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நாவற்குளத்தில் அது தெரியாத ஆள் இல்லை. அதனால்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஐந்தே காலுக்குப் போய் இறங்கினேன். பாலை மரத்தில் இரண்டே இரண்டு குழைகள். ஒன்று என்னுடையது, வாடிச் சுருண்டிருந்தது. மற்றது பச்சை மாறாத வீரைக் குழை, செல்வராசாவுடையது. யோகமக்கா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். நான் உள்ளே போகிறேன் என்றேன்.

"வேண்டாம். பிறகு அவர் வந்து உங்களைத் தேட வேணும்."

நின்றோம். ஐந்து நாற்பதுக்கு மலைப் பக்கம் ஒரு யானைவெடி கேட்டது. யோகமக்காவின் கை கேற்றிலிருந்து எடுபடவே இல்லை. யானையை விரட்டக் கொளுத்துகிற வெடி அது. கேட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார், யானையும் பக்கத்தில் இருக்கிறது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான அரை மணித்தியாலம் இருந்ததில்லை. ஒரு மனிதர் என் வட்டத்துக்காகச் சாகலாம் என்ற நினைப்பு விடவே இல்லை.

ஆறு பத்துக்கு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செல்வராசா வந்தார். பின் ரயரில் காற்றில்லை. உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் நின்றார்.

"நீங்களோ? நல்லது, நல்லது." சைக்கிளில் கட்டியிருந்த போத்தலை அவிழ்த்து நீட்டினார். "தண்ணி முடிஞ்சிருக்கும் எண்டு கொண்டு போனனான்."

போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. அவர் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. அவரையே குடிக்கச் சொன்னேன், கேட்கவில்லை. எனக்குத் தாகமே இல்லை. இருந்தாலும் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தேன். அதன் பிறகுதான் குடித்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது யோகமக்கா முந்திக்கொண்டார்.

"எப்ப வருவியள் எண்டு கேட்டனான். எந்தப் பாதையால வருவியள் எண்டு கேக்கேல்லை. பிழை என்னிலதான்."

யாராவது ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். செல்வராசா மரத்தைக் காட்டினார். முதலில் என் குழையை நான் எடுத்தேன், பிறகு அவர் தன்னுடையதை எடுத்தார். யோகமக்கா கேற்றைச் சாத்திக் கம்பியைக் கொளுவினார்.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் செப்டெம்பர் வரை பாதை காய்ந்திருக்கும், மாரியில் போக ஏலாது. ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த ரயர் சரிவராது. தண்ணீர் மூன்று லீற்றர், ஒட்டுச் சாமான், பம்ப் கட்டாயம். எட்டரைக்கு முன் நுழையாதீர்கள், மூன்றுக்குள் வெளியே வாருங்கள். இருவராகப் போவது நல்லது. கன்னியாவில்தான் வெளியேறுவதென்றால் கடையில் முதலே சொல்லுங்கள், குழை மாட்டாதீர்கள். மாட்டினால் அதே பாதையால் திரும்புங்கள், மொத்தம் இருபத்தாறு கிலோமீற்றர் கிரவல்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு புது ரியூப்பும் ஒரு போத்தல் நிறையத் தண்ணீரும் கொண்டு நாவற்குளத்துக்குத் திரும்பப் போனேன். வேப்பங்குழை மாட்டினேன். பாறைவரை போய், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, போன பாதையாலேயே திரும்பினேன். ஏறும்போது முதுகுக்குப் பின்னால் கிடந்த கடல், இறங்கும்போது வழியெல்லாம் முன்னால் தெரிந்தது. ஒன்றரைக்கு வெளியே வந்து குழையை எடுத்தேன். கடை வாசலில் நின்ற யோகமக்கா அதைப் பார்த்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனார்.