தட்டிப் பார்த்து வாங்கிய கார்

பக்கத்து வளவில் இன்றைக்கு போட் ஒட்டுகிறார்கள். காலையில் யன்னலைத் திறந்ததுமே பைபர் ஒட்டுகிற ரெசின் பசையின் மணம் வந்து மூக்கில் ஏறியது. பழகாதவர்களுக்கு அது தலையிடி தரும் மணம். எனக்கு அப்படியில்லை. அந்த மணத்தோடுதான் நெடுங்காலம் சோறு தின்றேன், தூங்கினேன். என்னைக் கட்டிய மாப்பிள்ளையின் சாரனில் அதுதான், சேட்டில் அதுதான், தாடியில்கூட அதுதான். அவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு வீட்டை விட்டுப் போன மணத்தை இன்றைக்குக் காற்று கொண்டுவந்து தந்தது. உடனே அவர் முகம் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. கார்தான் வந்தது.

ஓம், கார். சிவப்புக் கார். கூரை இல்லாத, இரண்டே பேர் இருக்கக்கூடிய இங்கிலாந்துக் கார். கல்பிட்டிப் பக்கம் இன்னும் என்னைக் காட்டி, “அந்தக் கார் வாங்கின பொம்புள” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். சிரிக்கட்டும். அதை வாங்கியது பிழை என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்தத் தாளிலும் சொல்லப் போவதில்லை. நான் படித்தது கொஞ்சம், எழுத்து மெல்லத்தான் வரும். நீங்களும் மெல்ல வாசியுங்கள்.

நாங்கள் மன்னார்ப் பக்கம், முசலியில் கடலோரத்து ஊர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, ஒரு பையும் ஒரு பாயும் பிள்ளைகளுமாக போட்டில் ஏறினோம். கல்பிட்டிக் கரையில் இறங்கும்போது என் ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. மற்றதையும் கழற்றிக் கடலில் எறிந்தேன். அன்றைக்கே மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன்: திரும்பிப் போவதென்றால் எனக்குச் சொந்தமான வாகனத்தில், நானே ஓட்டிக்கொண்டுதான் போவேன்.

பிறகு நான் அதை வாய்விட்டுச் சொன்னபோது என் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது எங்களிடம் சைக்கிள்கூட இல்லை. ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு பேசிய பேச்சு அது.

பிறகு அவர் பைபர் போட் ஒட்டப் பழகினார். நான் கருவாடு வாங்கி விற்கப் பழகினேன். கருவாடு என்னை பட்டா என்கிற சின்ன லொறி ஓட்டப் பழக்கியது. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் லொறியைத் திருப்பும்போது, பள்ளிச் சந்தியில் நிற்கும் ஆண்கள் ஓடி மதிலோடு ஒட்டிக்கொள்வார்கள். ஒரு மதிலையும் நான் இடித்ததில்லை. ஒரு வேலியை மட்டும்தான். அதுவும் ரோட்டுக்கு வந்து நின்ற வேலி.

யுத்தம் முடிந்தது. வில்பத்துக் காட்டு ரோட்டைத் திறந்தார்கள். எங்கள் சனம் பஸ்ஸிலும் வேனிலும் போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்தது. போனவர்கள் எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள்: வீடு இல்லை, காடு வளர்ந்துவிட்டது, அங்கே இருக்கிற சனம் எங்களைப் பார்த்து அழுதது. அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்து யாரும் பாவம் என்று அழ வேண்டாம்.

கருவாட்டு லொறியில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவரும் அதைத்தான் கேட்டார். கருவாட்டு மணத்தோடு போய் இறங்கவா நான் அவ்வளவு காலம் காத்திருந்தேன்?

அந்த நாட்களில்தான் காரைக் கண்டேன். சிலாபத்துக்குக் கருவாடு கொண்டுபோகிற வழியில் ஒரு தென்னந்தோட்டம். தோட்டக்காரர் வயதான கத்தோலிக்கர். தமிழும் சிங்களமும் ஒரே வாயில் கலந்து வரும். ஒருநாள் தேங்காய் கேட்டு உள்ளே போனேன். மட்டை குவித்த கொட்டிலில், சாக்குக்குக் கீழே சிவப்பாக ஏதோ தெரிந்தது. சாக்கைத் தூக்கினேன். உள்ளே இரண்டு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன, ஆளுக்கொரு சீட்டில்.

கை தானாகப் போய்த் தட்டியது. அது தகரச் சத்தம் இல்லை. பைபர்! எங்கள் போட் செய்கிற அதே சாமான். காருக்குள் எங்கள் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டதுபோல இருந்தது.

“அக்கா, எனக்குப் பொய் சொல்ல ஏலாது,” என்றார் தோட்டக்காரர். “அனே, இது ஓடுற கார் இல்ல. பாக்குற கார். ஒரு நாள் ஓடினா ஒரு கிழம நிக்கும்.”

“ஏன் அப்ப வாங்கினீங்க?”

“அப்ப எனக்கு மீச கறுப்பு.”

இங்கிலாந்தில் ஏதோ சின்னப் பட்டறையில் கையால் செய்த காராம். செய்ததே கொஞ்சம். இலங்கைக்கு வந்தது இது ஒன்றுதான் என்று அவர் சொன்னார், இன்னொன்று இருந்தால் அதுவும் நின்றுதான் இருக்கும் என்றும் சொன்னார். அப்படி ஒரு மனுசனிடம் சாமான் வாங்காமல் வேறு யாரிடம் வாங்குவது?

வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளை வலை ஊசியைக் கீழே வைத்தார்.

“உனக்கென்ன விசரா புள்ள? அதுல ரெண்டு பேர்தானே இருக்கலாம்!”

“இப்ப இந்த வீட்டுல எத்தின பேர் இருக்கிறம்?”

பிள்ளைகள் எல்லாம் கலியாணம் முடித்துப் போய்விட்ட வீடு. அவர் என்னைப் பார்த்தார், வெறும் கதிரைகளைப் பார்த்தார், ஊசியைத் திரும்ப எடுத்தார். அதுதான் அவர் சம்மதம்.

ஆனால் மதுரங்குளியில் என் லொறியைத் திருத்துகிற மெக்கானிக் பாரூக் பாஸ் லேசில் விடவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டுதான் பார்க்கப் போனோம். அவர் பொனட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போதெல்லாம் ஒரு பயத்தோடு எடுத்தார்.

“ராத்தா, எஞ்சின் பரவாயில்ல. பழைய மொறிஸ் மைனர் ஆக்களுக்குத் தெரிஞ்ச சாதிதான். ஆனா வயர் எல்லாம் எலி திண்டது மாதிரி. நம்மட வெயிலுக்கு இது கொதிக்கும். முன் கண்ணாடி உடஞ்சா எங்க போவீங்க? இந்தக் கதவுப் பூட்டு உடஞ்சா? லண்டனுக்கு பஸ் இருக்கா?”

“கதவுப் பூட்டு உடஞ்சா கயித்தால கட்டுவன்.”

“மழ பேஞ்சா?”

“நனைவன். கடல்ல வந்த ஆள் நான்.”

பாஸ் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கள் முறையில் பார்க்கத் தொடங்கினோம். பழைய போட் வாங்குகிறவர் என்ன செய்வார்? மடக்கிய விரல் முட்டியால் அடிமுதல் நுனிவரை தட்டிக்கொண்டு போவார். உள்ளே தண்ணீர் புகுந்து, ரெசினில் நனைத்து ஒட்டிய கண்ணாடி நார்ப் பாய் விட்டுப்போயிருந்தால் சத்தம் செத்துப்போய் வரும், நல்ல இடம் டங் என்று சொல்லும். மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கார் முழுக்க டங், டங். என்ன அருமையான வேலை! இங்கிலீஸ்காரன் கஞ்சத்தனம் பார்க்காமல் பாய் போட்டிருக்கிறான் என்றார் அவர். பிறகு கிணற்றடியிலிருந்து தண்ணீர் அள்ளி வந்து காருக்குள் ஊற்றினார், ஒழுகுகிறதா என்று பார்க்க.

“அம்மோ! என்ன செய்றீங்க?” என்று தோட்டக்காரர் ஓடி வந்தார். கோழிகள் அவருக்கு முன்னால் ஓடின.

தண்ணீர் அடியால் போய்விட்டது. “போட் எண்டா இந்நேரம் முங்கிப் போயிருக்கும்,” என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் கவலையோடு. பாரூக் பாஸ் சிரித்துச் சிரித்துத் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் ஒன்று சொன்னார்: “ஜாக்குல ஏத்திக் கீழ பாக்கணும் காக்கா. உடம்பு பைபர், எலும்பு இரும்பு.” நாங்கள் அதைக் கேட்டோம். கேட்டோம், அவ்வளவுதான். போட்டுக்குக் கீழே என்ன இருக்கும்? மணல் இருக்கும்.

விலையைக் கேட்காதீர்கள். அது எனக்கும் தோட்டக்காரருக்கும் படைத்தவனுக்கும் தெரிந்த விசயம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாப்பிள்ளை அதைத் தன் பிள்ளைபோலப் பார்த்தார். எஞ்சினையும் வயரையும் பாஸ் பார்த்துக்கொடுத்தார். உடம்பை இவர் பார்த்தார். அடியில் கைவிட்டபோது இரும்புக் குழாய்களில் துரு தட்டுப்பட்டது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: போட்டின் அடிமரத்தைப் பாய் போட்டு ரெசினால் மூடிவிட்டால், தண்ணீர் படாமல் மரம் பிழைத்துக்கொள்ளும். இவரும் அந்தக் குழாய்களை அப்படியே சுற்றி மூடினார். மினுமினு என்று அழகாக இருந்தது. நானும் பக்கத்தில் இருந்து பாய் வெட்டிக்கொடுத்தேன். மூடிய இடத்துக்குள் துரு சுகமாக இருந்து இரும்பைத் தின்னும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கைபட்ட மரம் ஒன்றுகூட உக்கியதில்லை. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஊருக்குப் போன அன்று விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நான் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில், மடியில் சோற்றுப் பார்சல். ஆற்றுக்குள் தாழ்வாகக் கட்டிய எழுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தின் மேலால் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. கடந்தோம். காட்டுக்குள் செம்மண் ரோடு, குழியும் புழுதியும். தலைக்கு மேலே கூரை இல்லாமல் காடு போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? மரமெல்லாம் குனிந்து எங்களைப் பார்த்தன. மயில் ஒன்று வழிவிடாமல் நின்று, காரின் நிறத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகியது. பாரூக் பாஸ் பயந்த எதுவும் நடக்கவில்லை. எஞ்சின் கொதிக்கவில்லை, வயர் புகையவில்லை, கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது.

ஆனால் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஒன்று அடிக்கடி தெரிந்தது. ஒரு டிரக்டர். அதன் பின்னால் போட் ஏற்றுகிற வெறும் வண்டி.

“அது ஆரு?”

“ரோட்டுல போற ஆரோ,” என்றார், சோற்றுப் பார்சலைப் பார்த்துக்கொண்டு.

“கரையில போட் இழுக்கிற நம்மட சலீம்ட டிரக்டர் மாதிரி இருக்கி.”

“எல்லா டிரக்டரும் ஒரு மாதிரித்தான்.”

எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் வேகமாக மிதித்தேன். காடு முடிகிற இடம், ஒரு குழி, ஒரு மேடு. மடக் என்று ஒரு சத்தம், கொட்டைப்பாக்கு வெட்டுகிறதுபோல. கார் நடுவால் குழிந்துவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கதவுதான் திறக்கவில்லை, இரண்டும் இறுகிவிட்டன. மாப்பிள்ளை சாரனைத் தூக்கிக்கொண்டு மேலால் ஏறி இறங்கி, குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கை முழுக்கச் சிவப்பாகத் துரு. தான் ஒட்டிய பாய் முறிந்த இடத்தில், உள்ளே இரும்பு இல்லை, பொடிதான் இருந்தது.

“என்னால வந்தது புள்ள,” என்றார்.

“அந்தக் கதய விடுங்க. ஊர் எவ்வளவு தூரம்?”

சலீம் வந்து சேர்ந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேருமாகக் கப்பியும் கயிறும் போட்டுக் காரைப் போட் வண்டியில் இழுத்து ஏற்றப் பார்த்தார்கள்.

“இறங்கு ராத்தா, பாரம்,” என்றார் சலீம்.

“இறங்க மாட்டன். கதவு திறக்காது.”

“மேலால ஏறி இறங்கலாமே.”

“நான் என்ன ஆடா?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். செருப்பை எறிந்த அன்றைக்கு என்னைப் பார்த்த அதே பார்வை. “இழு சலீம்,” என்றார், “அவ இருக்கட்டும்.”

அப்படித்தான் நான் ஊருக்குள் போனேன். டிரக்டர் முன்னால் இழுக்க, போட் வண்டிக்கு மேலே சிவப்புக் கார், காருக்குள்ளே நான், ஸ்டியரிங்கில் இரண்டு கையும். வளைவு வந்தபோதெல்லாம் திருப்பவும் செய்தேன். கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருந்த சனம் எல்லாம் எழுந்து நின்றது. கூட்டத்திலிருந்து ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பிலோமினா. ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக இருந்தவள். தலை முழுக்க நரைத்திருந்தது.

“அடியே! போட்டில போனவள் போட் வண்டியிலயா வந்திருக்கிறாய்?”

“கண் தெரியாதா உனக்கு? கார்லதான் வந்திருக்கிறன்!”

அவள் அழவில்லை. மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் மேலே இருந்து சிரித்தேன். கண்ணீர் வந்ததுதான். அது சிரிப்பின் கண்ணீர், என்னிடம் வேறு கதை சொல்ல வராதீர்கள். பிறகு அவள்தான் ஏணி கொண்டுவந்து வைத்து என்னை இறக்கினாள், கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை இறக்குகிறதுபோல.

இப்போது பிலோமினா இல்லை. அந்த ஏணியும் இருக்காது. காட்டு ரோட்டைத் திறக்கிறார்கள், மறிக்கிறார்கள். எங்கள் வளவு இருந்த இடத்தைச் சரியாகக் காட்டக்கூடிய ஆள் இனி ஒருவரும் இல்லை. காரின் இரும்பைப் பழைய இரும்புக்காரர் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். உடம்பைத் துண்டு துண்டாக வெட்டி, எத்தனையோ போட்டுகளுக்கு ஒட்டுப் போட்டார் மாப்பிள்ளை. அந்த போட்டுகளும் போய்விட்டன, அவரும் போய்விட்டார். மிஞ்சியது பொனட் மட்டும். வேலியோரம் மல்லாத்தி வைத்திருக்கிறேன், ஆடுகள் தண்ணீர் குடிக்க.

ரெசின் மணம் வந்ததும் போய் அதைத் தட்டிப் பார்த்தேன். டங் என்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்படி ஒரு கார் நாளைக்கு விலைக்கு வந்தால் என்ன செய்வாய் என்று போன கிழமையும் ஒருத்தி கேட்டாள், சிரிக்கத்தான். முதலில் கீழே குனிந்து பார்க்க வேண்டும், அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆனால் இந்த முழங்கால் இனிக் குனியாது. ஆகவே பார்க்காமலே வாங்குவேன் என்றேன்.