ஈரத்துக்கு ஆகாத குளம்பு

போன பொங்கலில் எங்கள் வீட்டுக் குதிரை செத்துப்போனது. மழையில் வழுக்கி விழுந்து செத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். பழியை மழைமேல் போடுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் அந்த ஈரச் சாலையில் அன்றைக்கு ஒன்பது குதிரைகள் ஓடின. மற்ற எட்டும் நல்லபடியாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

நான் அறிவியல் டீச்சர். கோட்டுச்சேரியில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் சேர்த்தால் என்ன வரும் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுகிறவள். என் கணவருக்கு வரிச்சிக்குடியில் நெல் விவசாயம். வயலில் நாற்று மஞ்சளடித்தால்கூட அவ்வளவு பதற மாட்டார், கொட்டகையில் குதிரை ஒருவேளை கொள்ளு தின்னாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பொங்கல் சமயத்தில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் ஒருமுறையாவது தன் கொட்டகையில் பிறந்த குதிரையை ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை நான் கேலி செய்யாத நாள் கிடையாது. கேலியோடு கேலியாக எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

ஆறு வருடங்களுக்கு முன்னால் சென்னையில் பந்தயத்துக்கு ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையை வாங்கி வந்தார். அதனோடு ஒரு கட்டுக் காகிதமும் வந்தது. அப்பன் யார், பாட்டன் யார், எந்தத் தேதியில் எந்தத் தரையில் ஓடியது, எத்தனையாவதாக வந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்துப் படித்தேன். எனக்கு எந்தக் காகிதம் கிடைத்தாலும் படித்தாக வேண்டும்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காய்ந்த தரையில் ஓடிய நாளெல்லாம் முதல் மூன்றுக்குள் வந்திருக்கிறது. தரை ஈரம் என்று குறித்திருந்த நாளெல்லாம் கடைசி, இல்லையென்றால் கடைசிக்கு முந்தியது. விற்றவருக்கு என் கணவரை விட்டு போன் போட வைத்தேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அதோட அப்பனும் அப்படித்தான் சார். மழை பேஞ்சா அன்னைக்கு அவனை நம்பவே முடியாது. அந்த வம்சமே காய்ஞ்ச தரை வம்சம்."

அப்புறம்தான் அதன் கால்களைச் சரியாகக் கவனித்தேன். உயரமான உடம்புக்குப் பொருந்தாத சின்னக் குளம்புகள், டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தது மாதிரி. காலைத் தூக்கி வைக்காது; தரையை ஒட்டியே நீளமாக வீசி எட்டும். காய்ந்த சாலையில் அந்த நடையைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். நம் ஊர்க் களிமண் நனைந்துவிட்டாலோ, வாசலில் இருந்து கொட்டகைக்குப் போவதற்குள் இரண்டு தடவை சறுக்கும். அடுப்படியில் வைத்து இதை அவருக்கு விளக்கினேன். குளம்பின் அகலம், எட்டு வைக்கும் நீளம், இரண்டும் குட்டிக்கு இறங்கும் என்றேன். மனிதர் கெட்டிக்காரர், கட்டமெல்லாம் போடாமலேயே பிடித்துக்கொண்டார்.

"அப்ப அப்பன் கால் அகலமா இருக்கணும். அப்பத்தான் குட்டி காய்ஞ்ச தரை, ஈரத் தரை ரெண்டுக்கும் தாங்கும். அப்படித்தானே டீச்சர்?"

அப்படித்தான். அதற்கேற்ற ஆண் குதிரையும் கிடைத்தது. மண்டபத்தூரில் கடற்கரையை ஒட்டி ஒருவர் வைத்திருந்த நாட்டுக் குதிரை. குட்டை, பார்க்க ஒன்றும் லட்சணமில்லை. ஆனால் குளம்பு ஒவ்வொன்றும் அகலமாகப் பரந்திருந்தது, குட்டிக் குட்டி எட்டாக வைத்துச் சேற்றில் தடதடவென்று போனது. இவருக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. கூட வந்த தரகர் மட்டும் அதன் முன்னங்கால்களுக்கு நடுவே குனிந்து, மயிரை விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எங்கள் பக்கத்தில் சுழி பார்க்காமல் யாரும் குதிரையைத் தொட மாட்டார்கள். உடம்பில் மயிர் எங்கே சுழித்திருக்கிறதோ அதை வைத்து நல்லது கெட்டது சொல்வார்கள்.

"குதிரை தங்கமான குதிரைங்க. ஆனா இந்தச் சுழி வீட்டம்மாவுக்கு ஆகாதுங்க. குட்டிக்கும் இறங்கும். அப்பறம் ஒங்க இஷ்டம்."

வீட்டம்மா நான்தான். வேறொரு சமயமாக இருந்திருந்தால் அந்தத் தரகரை அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். வகுப்பில் ராகு காலம் என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் போதும், கால் மணி நேரம் பேசுகிறவள். ஆனால் அந்த வாரம் என் மார்பில் ஒரு கட்டியைக் குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். தரகர் சொன்ன சொல் நேராக அந்தக் கட்டியில் போய் உட்கார்ந்தது. போதாததற்கு, மயிர்ச் சுழியும் பெற்றோரிடமிருந்து குட்டிக்கு வரக்கூடியதுதான் என்று நான் படித்ததும் அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. படிப்பு என்னைக் காப்பாற்றவில்லை, இன்னும் கொஞ்சம் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரடியாகக் கேட்டார்.

"ஒனக்குப் பயமா இருந்தா சொல்லு. அந்தக் குதிரையே வேணாம், விட்டுடுவோம்."

"பயமா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க."

அப்படித்தான் சொன்னேன். குரல்கூடப் பிசகவில்லை. பிறகு இன்னொரு ஆண் குதிரையின் பேச்சை எடுத்தேன். கும்பகோணத்துப் பக்கம் ஒரு பண்ணையில் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை ஒன்று இருந்தது. செவலை நிறம், சுழியெல்லாம் சுத்தம், தரகரே மெச்சியது. குளம்பு மட்டும் நம் பெண் குதிரையைப் போலவே சின்னது. அதன் காகிதத்தையும் வாங்கி வரச் சொன்னேன். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஈரத் தரையில் அது ஓடியதே இரண்டு தடவைதான், இரண்டிலும் தோல்வி.

"இது ஈரத்துல நல்லா ஓடுன பரம்பரைங்க. குளம்பு சின்னதா இருந்தாலும் பரவால்ல. பேப்பர்லயே இருக்கு," என்றேன்.

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். நான் விரல் வைத்துக் காட்டிய வரியைக் குனிந்து பார்த்தார், தலையாட்டினார். நான் காட்டிய வரியில் அந்தக் குதிரை பிறந்த ஊர்தான் இருந்தது.

மார்புக் கட்டி வெறும் கொழுப்புக் கட்டி என்று பத்து நாளில் முடிவு வந்தது. அதற்குள் பெண் குதிரையைக் கும்பகோணத்துக்கு ஏற்றிப்போய்ச் சேர்த்துக் கூட்டி வந்தாகிவிட்டது. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படியும் சேர்த்தாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பதினோரு மாதம் கழித்து ஒரு பெண் குட்டி பிறந்தது. ஈரம் உலராமல் நடுங்கிக்கொண்டு அது எழுந்து நின்றபோது எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். அச்சு அசலாக அம்மாவின் குளம்பு.

அழகான குட்டி. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளிவிட்டு வந்து ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் கனைக்கும். என் கைப்பைக்குள் மூக்கை விட்டு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் தேடும். பிள்ளை இல்லாத வீட்டில் அது என்னவாக இருந்தது என்று விவரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்று வயதில் வண்டியில் பூட்டிப் பழக்கினார். விடியற்காலையில் காய்ந்த சாலையில் அது ஓடும்போது எதிரே வந்த பஸ்காரர்கள் ஓரங்கட்டி நின்று பார்த்தார்கள். யார் என்ன கேட்டாலும் இவர் ஒரே பதில்தான் சொல்வார்.

"டீச்சர் பேப்பர் பாத்துச் சேத்த ஜோடிங்க."

நானும் பக்கத்தில் நின்று சிரிப்பேன்.

நாலாவது வயதில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார். இப்போதெல்லாம் மழைக்கு மாதக் கணக்குத் தெரிவதில்லை. மார்கழியோடு ஓய வேண்டியது, பொங்கல் அன்றும் கொட்டியது. முன்கூட்டியே அறுத்த வயல்களில் இருந்து அறுவடை மிஷினும் டிராக்டரும் ஏறி இறங்கி, தார்ச் சாலை மேல் களிமண்ணைப் பூசிவிட்டுப் போயிருந்தன. பந்தயத்தன்று காலையில் தூறல் விட்டபாடில்லை. பெரிய குதிரைப் பிரிவில் இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தரகரும் கூட்டத்தில் இருந்தார்.

"ஏங்க, இந்த நசநசப்புல ஒங்க குட்டி வேணாங்க. கால் சின்னக் காலா இருக்கு."

"ஈரத்துக்குத் தாங்குற பரம்பரைங்க அது. பேப்பர்ல இருக்கு. டீச்சரைக் கேளுங்க."

தரகர் என்னைப் பார்த்தார். இவரும் பார்த்தார். சுற்றிலும் ஐம்பது அறுபது ஆண்கள், அதில் பாதிப் பேர் என் மாணவர்களின் அப்பாக்கள். ஒரு சொல் போதும். 'வேணாங்க' என்று சொன்னால் இவர் மறுபேச்சுப் பேசாமல் வண்டியை அவிழ்த்திருப்பார். ஏன் என்று அப்புறம் கேட்டிருப்பார், அவ்வளவுதான். அந்த 'ஏன்' எனக்குப் பெரிதாகப் பட்டது.

"பாத்து ஓட்டுங்க," என்றேன்.

முதல் பாதி நன்றாகவே போனது. பின்னால் பைக்கில் போனவர்கள் சொன்னார்கள், மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்ததாம். மதகு தாண்டி ஒரு வளைவு. அங்கே டிராக்டர் ஏறிய இடத்தில் களிமண் படிந்திருந்தது. முன்னால் போன குதிரைகள் எட்டு வைப்பதைக் குறுக்கித் தாண்டிவிட்டன. நம் குட்டிக்குக் குறுக்கத் தெரியாது. அம்மா வீசுவது மாதிரி காலை நீளமாக வீசியது. குளம்பு பிடிக்கவில்லை. வண்டி குடைசாய்ந்து இவரை வயலில் எறிந்தது. குதிரை ஏர்க்காலோடு விழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அது எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, எலும்பு வெளியே தெரிந்தது. அந்தக் காலை ஊன்ற ஊன்ற அது மடங்கியது. என்னைப் பார்த்துவிட்டுக் கனைத்தது. கால்நடை டாக்டர் மழையில் பைக்கில் வந்தார், ஒரு நிமிடம்தான் பார்த்தார்.

"இது இனிமே நிக்காதும்மா. வலியில போட்டு வைக்கிறது பாவம்."

இவர் சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஊசி போடச் சொன்னது நான்தான். தலையை மடியில் பிடித்துக்கொண்டதும் நான்தான். கழுத்தில் துடித்துக்கொண்டிருந்தது நின்றதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். எங்கள் வயலோரத்திலேயே ஜேசிபி வைத்துத் தோண்டிப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இவர் ஒன்றையே சொன்னார். குட்டியின் மேல் குற்றமில்லை, பரம்பரை மேல் குற்றமில்லை, வளைவில் தான்தான் லகானைத் தப்பாக இழுத்துவிட்டதாக. சாப்பிடும்போது இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எந்த நொடியில் இழுத்தேன் என்று பாதிச் சாப்பாட்டில் கணக்குப் போடுவார். கொட்டகையில் நிற்கும் தாய்க் குதிரைக்கு லகான் மாட்டவே பயந்தார். இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கல்நெஞ்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். கட்டி, தரகர் சொன்ன சுழி, நான் காட்டிய வரி, அந்த இரண்டு தோல்விகள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கத்துவார், தட்டை வீசுவார் என்று நினைத்தேன். வீசியிருந்தால் தேவலை. அவர் ஈரக் கையைத் துடைக்காமல் கொட்டகைப் பக்கம் திரும்பினார். பேசியதும் என்னைப் பார்த்து இல்லை.

"பயமா இருக்குன்னு நீ சொல்லியிருந்தாலும் அதே செவலைக்குத்தான் கூட்டிப் போயிருப்பேன். இதே குட்டிதான் பொறந்திருக்கும். மழைன்னா மட்டும் வீட்டுலயே கட்டிப் போட்டிருப்பேன்."