டைம் பெரியப்பாவும் ஒரு துண்டுச் சீட்டும்

என் கணவரின் அண்ணன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது அவர் வேலை. இருபத்தாறு வருடம் இதையே செய்ததில் கூண்டு அவர்கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாடு தாமதமானால் கோபப்பட மாட்டார். "ஏழு நிமிஷம் லேட்" என்று தகவல் மட்டும் சொல்வார். அதற்கு அவர் இரண்டு அடி அடித்திருக்கலாம் என்று அவர் மனைவியே சொல்வாள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். என் பெண்கள் இருவருக்கும் அவர் டைம் பெரியப்பா. அவருக்கும் எனக்கும் அவ்வளவாக ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் சின்னவளுக்கு இரண்டு வயது. பிறந்தபோது சுருண்டு கிடந்ததால் முந்திரி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடினாள். மறுபடி வீறிட்டாள். மூன்றாவது முறை வாந்தியும் வந்தது. ஆஸ்பத்திரியில் குடல் சொருகியிருக்கிறது என்றார்கள். நான் பள்ளிச் சீருடை தைப்பவள். சட்டையைக் கழற்றும்போது கை உள்பக்கமாக மாட்டிக்கொள்ளுமே, குடலும் அப்படித்தான் தனக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்தது.

அன்று மதியமே ஆபரேஷன். என் கணவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போதுதான் டைம் பெரியப்பா காக்கிச் சட்டையோடு வந்து சேர்ந்தார். குழந்தைக்கு என்ன என்று கேட்பார் என்று பார்த்தால், "தியேட்டருக்குள்ள எத்தனை மணிக்குக் கொண்டு போனாங்க?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரியவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஏற்பாடாகிவிட்டது. கணவரின் ஆபீசுக்கும் என் தையல் கடைக்கும் லீவு சொல்லியாகிவிட்டது. அக்கா, அதாவது அவர் மனைவி, மாற்றுத் துணியோடு வாசலில் நின்றாள். இதெல்லாம் யார் செய்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

கெட்டுப்போன குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து எங்களிடம் நிதானமாகச் சொன்னார்.

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சது. இனிமே குடல் தானா முழிக்கணும். கீழ காத்து போச்சுன்னா முழிச்சிடுச்சுன்னு அர்த்தம். அது வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. மூணு நாள் பாக்கலாம். அப்பவும் போகாம வயிறு உப்பிச்சுன்னா மறுபடி திறந்து பாக்க வேண்டி வரும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு இந்த வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்தித்தான் பார்த்திருக்கிறேன். இப்போது பெரியவளையும் சேர்த்து ஐந்து பேர் அதற்காகத் தவம் கிடந்தோம்.

புதன்கிழமை காலையில் டைம் பெரியப்பா ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்டு. வரும்போது கையெழுத்து, போகும்போது கையெழுத்து. மூத்திரம் ஒரு கட்டம், வாந்தி ஒரு கட்டம், மூக்குக் குழாயில் வரும் தண்ணீரின் நிறம் ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'காற்று'. இருபது கட்டிலுக்கு இரண்டே நர்ஸ் என்பதால் அவர்களுக்கே இது வசதியாகப் போயிற்று. டாக்டரும் ரவுண்ட்ஸ் வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்டார். கேட்க வேண்டுமா, பெரியப்பா ஒரு சாண் வளர்ந்துவிட்டார்.

அக்கா முதல் நாளே மாட்டிக்கொண்டாள். கையெழுத்துப் போட்ட பிறகு ஞாபகம் வந்து, 'மூத்திரம் போனாள்' என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டாள்.

"கையெழுத்து போட்டாச்சுன்னா அந்த நேரம் உன்னுது இல்ல" என்றார் அவர். "அடுத்தவங்க நேரத்துல நீ எழுதக் கூடாது. டிப்போல இப்படிப் பண்ணினா மெமோ குடுப்பாங்க."

"குடுங்க, அடுப்பு பத்த வைக்க ஆகும்" என்றாள் அக்கா. ஆனாலும் முகம் சுண்டிவிட்டது. வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததே.

முந்திரிக்கு ஆபரேஷன் வலியைவிடத் தாகம்தான் பெரிய கொடுமை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தால் பஞ்சைக் கவ்விச் சப்புவாள். பிடுங்கினால் "இன்னும்" என்பாள். அந்த மூன்று நாளும் அவள் பேசியது இரண்டே வார்த்தை. "தண்ணி", பிறகு "இன்னும்". பெற்றவள் நான், குழந்தை தண்ணீர் கேட்கக் கேட்க இல்லையென்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கட்டிலில் இருந்து பார்த்தால் வராந்தாவில் இருந்த குழாய் தெரியும். யாராவது பாட்டில் பிடிக்கும்போதெல்லாம் கையை நீட்டுவாள். நான் அழுதுகொண்டிருந்தேனே தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெரியப்பாதான் சிஸ்டரிடம் போய்ப் பேசி, ஆள் பிடித்து, கட்டிலையே திருப்பிப் போட வைத்தார். 'கட்டில் திருப்பப்பட்டது, 11.20' என்று அதையும் எழுதினார்.

வியாழன் போயிற்று. காற்றுக் கட்டம் காலியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"நான் போகல மாமா."

"மூணு நாளா நீ கண் மூடல. நீ விழுந்தா உன்னைப் பாக்க ஒரு ஷிப்டு போடணும். ஆள் இல்லம்மா."

பெற்றவளைப் பிள்ளையிடமிருந்து அனுப்ப இவர் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். வாய்க்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, படுக்க மாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும். அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

இனிச் சொல்லப்போவது நான் தூங்கும்போது நடந்தது. அவரவர் வாயிலிருந்து பிறகு பிடுங்கித் தெரிந்துகொண்டேன்.

பத்திலிருந்து இரண்டு வரை அக்காவின் ஷிப்டு. இரண்டு மணிக்கு என் கணவர் வந்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள், அவரும் போட்டார். போட்டுவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனார். அந்த ஐந்து நிமிடத்தில், மூன்று நாளாக ஐந்து பேர் காத்துக் கிடந்த அந்தச் சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா வாயைப் பொத்திச் சிரிக்கும் அளவுக்கு வந்தது.

அக்கா நோட்டை எடுத்தாள். அப்போதுதான் நினைவு வந்தது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இன்னொரு தரம் வார்டு முன்னால் மெமோ வாங்க அவள் தயாராக இல்லை. சரி, வருகிறவரிடம் வாயால் சொல்லலாம் என்றால், வருகிறவர் கொழுந்தன். அவரிடம் போய் இந்தச் சமாசாரத்தை எப்படிச் சொல்வது என்று கூச்சம். கைப்பையில் இருந்த பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி நோட்டுக்குள் வைத்தாள். என் கணவர் திரும்பி வந்ததும், "நோட்டைப் பாருங்க" என்றாள். "பாத்துதான் கையெழுத்து போட்டேன் அண்ணி" என்றார் அவர். பெரியவளுக்குப் பள்ளி விடும் நேரம். அக்கா ஓடினாள். வீட்டுக்கு வந்து நான் தூங்குவதைப் பார்த்தாள். அதுதான் சீட்டைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்திருக்குமே, பாவம் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மூன்று மணிக்கு டைம் பெரியப்பா அரை நாள் லீவு போட்டு வந்தார். நோட்டை எடுத்தார். பதிவேட்டுக்குள் உதிரிக் காகிதம் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு உதறு உதறினார். டிக்கெட் விழுந்தது. பழைய டிக்கெட் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கட்டம் கட்டமாக நோட்டைச் சரிபார்த்தார்.

நான்கு மணி ரவுண்ட்ஸில் டாக்டர் காலிக் கட்டத்தைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "உப்பியிருக்கு. இதுக்கு மேல தள்ள வேண்டாம். ஆறு மணிக்குத் தியேட்டர். அம்மாவ வரச் சொல்லுங்க" என்றார்.

நான் விழித்தது அக்காவின் குரலில். சமையலறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"என்னது, மறுபடி திறக்குறாங்களா? எதுக்குத் திறக்கணும்? ரெண்டு மணிக்கே போயிடுச்சே. சீட்டு எழுதி வச்சேனே, நோட்டுக்குள்ள."

அந்தப் பக்கம் என் கணவர் அதைத் திருப்பிச் சொன்னாராம். அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டாராம். விட்ட கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லையாம். பிறகு டிக்கெட்டைப் பிரித்துப் படித்தார். '2.05. போச்சு. நல்ல சத்தம்.' டிரைவர்களைத் தன் கூண்டு வரை நடக்க விட்டு வேடிக்கை பார்க்கும் மனிதர், அந்த வராந்தாவில் செருப்பு ஒரு பக்கம் தெறிக்க ஓடினார் என்று என் கணவர் சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

நானும் அக்காவும் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவள் அழுதாள், நான் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று.

வார்டில் நுழைந்தபோது டாக்டர் முந்திரியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் இருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, முந்திரி அவருக்கே நேரடியாகப் பதில் சொல்லிவிட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். "தியேட்டர் வேண்டாம். ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுங்க" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

பெரியப்பாவை மாடிப்படியில் கண்டுபிடித்தேன். ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். நோட்டு பக்கத்தில் கிடந்தது.

"ஒன்றரை மணி நேரம் என் பையிலதான் இருந்துச்சும்மா" என்றார். "கட்டத்தை எல்லாம் பாத்தேன். அதைப் படிக்கல. புள்ளையத் திறந்திருப்பாங்க. என்னால திறந்திருப்பாங்க."

பஸ்ஸில் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை. அவர் கை அந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கைதான் மூன்று நாளாக எங்கள் எல்லோரையும் பட்டினி கிடக்காமல், சண்டை போடாமல், விழுந்துவிடாமல் தாங்கியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"எழுந்திரிங்க மாமா. தண்ணி குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"நான் வரலம்மா. நீ குடு."

"குழாய் கண்ணுல படாம கட்டிலைத் திருப்பிப் போட்டது யாரு? நீங்க வந்தாத்தான் குடுப்பேன்."

வந்தார். முதல் ஸ்பூனை முந்திரி விழுங்கவில்லை. நாங்கள் பிடுங்கிவிடுவோம் என்று பயந்து, வாயை இறுக மூடிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் தொண்டை அசைந்தது. "இன்னும்" என்றாள். சிஸ்டர் அளவு சொல்லியிருந்ததால் அன்றைக்கும் இல்லையென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்த 'இல்லை' வேறு.

மறுநாள் காலை மூக்குக் குழாயை எடுத்தார்கள். வேண்டிய மட்டும் குடிக்கட்டும் என்றார் சிஸ்டர். டைம் பெரியப்பா முந்திரியை மடியில் சாய்த்துக்கொண்டு டம்ளரைப் பிடித்தார். அவள் இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டு குடித்தாள். மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது, யாரும் துடைக்கவில்லை. கடைசியில் டம்ளரைத் தன் சின்னக் கையால் தள்ளிவிட்டு, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, "போதும்" என்றாள்.