வட்டம் மேடமும் தப்பு வால்களும்

அந்தப் பம்பு கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் வட்டம் மேடம். தலைமை அலுவலகத்துக்குப் போகிற ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் முதலில் அவள் மேசைக்கு வந்தாகவேண்டும். சிவப்புப் பேனாவை எடுப்பாள், தப்பைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள், திருப்பி நீட்டுவாள். தப்பே இல்லாவிட்டால்தான் அவள் கையெழுத்து, அது இல்லாமல் கடிதம் வெளியே போகாது. எது சரி என்று மட்டும் சொல்லமாட்டாள். கழுத்தைப் பிடித்துக் கேட்டாலும் சொல்லமாட்டாள். "சொல்லிக் குடுத்தா நாளைக்கும் இதே குப்பையைத்தான் கொண்டு வருவாங்க. தேடட்டும்." இருபத்தாறு வருஷமாக இதுதான் சட்டம். அடித்தல் திருத்தல் கூடாது, முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதிக் கொண்டு வரவேண்டும் என்பது அதோடு ஒட்டின இன்னொரு சட்டம்.

ஆங்கிலத்தில் சில வினைச்சொற்களுக்குப் பின்னால் அப், அவுட், ஆஃப், வித் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வருமே, அதற்கு அவள் வைத்த பெயர் வால். வால் மாறினால் அர்த்தம் மாறும். வேண்டாத இடத்தில் வால் முளைத்தால் அசிங்கம். 'கோப் வித்' என்றால் சமாளிப்பது, அவ்வளவுதான். ஊரில் முக்கால்வாசிப் பேர் நடுவில் ஒரு 'அப்'பைச் செருகி 'கோப் அப் வித்' என்று எழுதித் தொலைப்பார்கள். சோற்றில் முடி கிடந்தால் நமக்கு எப்படியோ, அந்த 'அப்' அவளுக்கு அப்படி. 'டிஸ்கஸ்' என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவது, 'டிஸ்கஸ் அபவுட்' என்றால் உடம்பு கூசும். 'ரிவர்ட்' என்பதிலேயே திரும்புவது இருக்க, 'ரிவர்ட் பேக்' என்றால் குமட்டிக்கொண்டே வரும். ஒருநாள் நிஜமாகவே மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

இந்த அருவருப்பு பிறவியிலேயே வந்ததில்லை. டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் வாரம் அவளே 'ரிட்டர்ன் பேக்' என்று அடித்திருந்தாள். அப்போதிருந்த மேனேஜர் அதைப் பன்னிரண்டு மேசைக்கும் கேட்கிற மாதிரி இழுத்து இழுத்துப் படித்தார். "இந்தம்மா திருப்பித் திருப்பி அனுப்புறாங்களாம்." எல்லாரும் சிரித்தார்கள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்று சாயங்காலமே ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கினாள். காலண்டர் தாள்களின் பின்பக்கம் வால்களை எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். உப்பு எடுக்கும்போது ஒன்று, மிளகாய்த்தூள் எடுக்கும்போது ஒன்று. அப்படிக் கஷ்டப்பட்டுப் படித்தவள்தான், மறுப்பதற்கில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பேக்கிங் அண்ணன் வந்தார். பம்புகளை அட்டைப்பெட்டியில் அடைக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். விரல் இடுக்கில் எப்போதும் பசை காய்ந்து கிடக்கும்.

"மேடம், என் வீட்டுக்காரம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்க அம்மா வீட்டோடதான் விட்டு வச்சிருக்கேன். மாமியாருக்கே எழுபத்தஞ்சு வயசு, எத்தனை நாளைக்குத் தூக்கி உக்கார வைப்பாங்க? அந்த ஊர் கிளையில ஒரு இடம் காலியா இருக்கு. மாத்தல் கேட்டு எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை நாலு மணிப் பையில போயாகணும்."

தினமும் நாலு மணிக்கு ஒரு வேன் கடிதப் பையை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போகும். மாறுதல் கேட்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், அந்தப் பையைத் தவறவிட்டால் விண்ணப்பம் செல்லாது.

அவள் படித்தாள். மூன்றாவது வரியிலேயே 'கோப் அப் வித்'. சீ. கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது, உள்ளே கண்றாவி. வட்டம் போட்டு நீட்டினாள்.

"எப்படி எழுதணும் மேடம்?"

"தேடுங்க."

தேடினார் மனுஷன். புதன்கிழமை, யாரோ ஸ்டோரில் சொன்னதைக் கேட்டு, 'புட் அப் வித் மை ஒய்ஃப்' முடியவில்லை என்று எழுதிக்கொண்டு வந்தார். பெண்டாட்டியைச் சகிக்க முடியவில்லை என்று அர்த்தம். அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. அறை முழுக்கக் கேட்கும்படி இழுத்துப் படித்து, அர்த்தத்தையும் சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு எதற்கென்று விளங்குமுன்னே அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார், பாவம். விளங்கியதும் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை லாரி லோடு, அவரால் நகர முடியவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஓடி வந்தார். அந்த வரியையே எடுத்துவிட்டிருந்தார். பரவாயில்லையே என்று கடைசி வரிக்கு வந்தாள். 'கைண்ட்லி ரிப்ளை பேக்.' அங்கேயும் ஒரு வால், ஈ மாதிரி.

"மேடம், இது ஒண்ணு போகட்டுமே."

"என் கையெழுத்தோட இந்த அசிங்கம் போகாது. கால் மணி நேரம் இருக்கில்ல, மாத்திட்டு வாங்க."

ஒரு முழுப் பக்கம். பசைக்கையால் அவர் வராந்தா ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினதை அவள் உள்ளிருந்தே பார்த்தாள். எழுதி முடித்துக் கொண்டுவரும்போது மணி நாலு ஏழு. வேன் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அவர் தப்பே இல்லாத அந்தத் தாளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மாறுதல் உத்தரவு, ஃபைலில் வைப்பதற்காக அவளிடமே வந்தது. பேக்கிங் அண்ணன் கேட்ட இடம் வேறு கிளைக்காரர் ஒருவருக்குப் போயிருந்தது. அந்தக் கிளைக்காரருடைய விண்ணப்பமும் கூடவே இருந்தது. முதல் வரியில் 'கோப் அப் வித்'. கடைசி வரியில் 'ரிவர்ட் பேக்'. ஓரத்தில் பெரிய அதிகாரி தன் கையால், இதைப் பற்றி 'டிஸ்கஸ்டு அபவுட்', சம்மதம் என்று எழுதியிருந்தார்.

பழக்கதோஷத்தில் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். தலைமை அலுவலகத்திலேயே இந்தக் கண்றாவியா! அப்புறம்தான் உறைத்தது. வால்களை அங்கே ஒருத்தரும் பார்ப்பதேயில்லை. இருபத்தாறு வருஷமாக அவள் யாருக்காகக் காவல் காத்தாள்? புதன்கிழமை அறை முழுக்கக் கேட்கப் படித்தாளே, அந்தக் குரல் யாருடையது? அந்தப் பழைய மேனேஜர் இழுத்த அதே இழுப்பு. த்தூ என்று இருந்தது. இந்தத் தடவை துப்ப அவள் முகத்தைத் தவிர வேறு முகம் இல்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் தையல்காரர், ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஒரு வார்த்தை எழுதிக் குடுத்திருந்தா உன் கை தேஞ்சா போயிருக்கும்?"

மறுநாள் மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து, பேக்கிங் அண்ணனுக்காக அவளே ஒரு விண்ணப்பம் எழுதினாள். அந்த ஊர்க் கிளையில் மூன்று மாதத்தில் ஒருத்தர் ஓய்வு பெறுகிறாராம், விசாரித்து வைத்திருந்தாள். மூன்றரை மணிக்கு ஆளனுப்பிக் கூப்பிட நினைக்கும்போது அவரே வந்து நின்றார், கையில் ஒரு தாளோடு.

"அண்ணே, உக்காருங்க. உங்களுக்கு நானே ஒண்ணு எழுதி..."

"முதல்ல இதைப் பாத்துருங்க மேடம். மாமியாரும் நேத்து வழுக்கி விழுந்துட்டாங்க. அங்க தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்லை. ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."

வாங்கினாள். தேதி, கீழே அவர் பெயர், நடுவில் 'ஐ ரிசைன்'. வேலையை விடுகிறேன்.

"ரெண்டே வார்த்தை மேடம். அப்பும் இல்ல, வித்தும் இல்ல. இன்னிக்கே பையில போயிருமில்ல?"

ஒரு தப்பு கிடைத்தால் போதும், திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் திரும்ப எழுதி வருவதற்குள் இன்றைய பை போய்விடும், அப்புறம் மேனேஜரிடம் பேசி லீவாவது வாங்கிக் கொடுத்துவிடலாம். தேதியைப் பார்த்தாள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புள்ளிகூட வைக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆயுசில் அவள் ஒரு தப்புக்காக இப்படி ஏங்கியதில்லை.

"இருக்கா மேடம், ஏதாவது?" அவர் நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லண்ணே," என்றாள். "சரியா இருக்கு."

சிவப்பு மையிலேயே கையெழுத்துப் போட்டாள். அவர் கும்பிட்டுவிட்டு, தாளைத் தானே கீழே எடுத்துக்கொண்டு போனார். நாலு மணி வேனுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.