பின்வாசல் கேமராக்கள்

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அதன் பின்வாசலில் உள்ள கேமராக்கள் அடிக்கடி நின்றுபோகின்றன என்று என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது கோல சிலாங்கூரில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். வாடகை கொடுத்தேனே தவிர, பாதி நாள் வேனில்தான் படுத்தேன்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கார் கழுவியிருக்கிறேன். ஜொகூரில் பலகைத் தொழிற்சாலையில் நின்றிருக்கிறேன். கிள்ளானில் லோரி அட்டெண்டனாக ஓடியிருக்கிறேன். பிறகு ஒரு பேரங்காடியின் கூரைக்குள் குப்புறப் படுத்துக் கேபிள் இழுக்கப் போனேன். இழுத்த கேபிளை எதில் செருகுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மீதியைக் கற்றுக்கொண்டேன். ஒரு இடத்தில் நிற்பது எனக்கு வராது. இந்தத் தொழிலில் யாரும் நிற்கச் சொல்வதில்லை. வேலை முடிந்தால் கிளம்பிவிடலாம்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மட்டும் இருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"வா பாஸ். நீ எத்தனாவது ஆளு தெரியுமா? முன்ன வந்தவனுங்க கேமராவ மாத்தினானுங்க, ஸ்விட்ச மாத்தினானுங்க. அது இன்னும் கண்ண மூடி மூடித் தொறக்குது, கூட்டத்துல தூங்குற எங்க மேனேஜர் மாதிரி லா."

சிரித்துவிட்டு, கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கேமரா நின்ன நேரமாப் பாத்துப் பின்கேட்டு வழியா பழக் குலை திருட்டுப் போயிருக்கு. ஜாகாதான் வயரப் புடுங்கிட்டு மறுபடி சொருகுறாருன்னு மேனேஜர் நெனைக்கிறாரு. இந்த வாரம் காரணம் தெரியலன்னா அந்த ஆள அனுப்பிடுவாரு."

"வீடு?"

"வேல போனா வீடும் போச்சு. தோட்டத்து வீடுதானே."

ஜாகா என்று கிராணி சொன்ன அந்தக் காவலாளிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மனைவி இறந்துவிட்டார். மகள் சிங்கப்பூரில். லயத்து வீடுகளில் அவர் வரிசையில் இருந்த தமிழர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். இப்போது இரண்டு பக்கமும் வங்காளதேசத்துப் பையன்கள். நல்ல பையன்கள்தான் என்றார், ஆனால் என்ன பேசுவது? என்னைப் பார்த்ததும் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நிறுத்தாமல் பேசினார். நான் ஏணியில் நிற்கும்போது ஏணிக்குக் கீழே நின்று பேசினார். தன் மேல் இருக்கும் சந்தேகத்தைப் பற்றி மட்டும் முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய கொட்டகையின் வெளிச்சுவரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்தான் ஸ்விட்ச். வரிசையாக ஓட்டைகள் உள்ள சின்ன இயந்திரம் அது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கேமராவின் கேபிள் செருகியிருக்கும். படம் அதன் வழியே வரும், கேமராவுக்கு மின்சாரமும் அதன் வழியேதான் போகும். அந்த ஓட்டையைப் போர்ட் என்போம்.

நாலாவது போர்ட்டில் இருந்த கேமரா நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அதை ஒழுங்காக ஓடும் போர்ட்டுக்கு மாற்றினேன், அங்கே நன்றாக ஓடியது. நல்ல கேமராவை நாலில் செருகினேன், அது விழுந்தது. ஆக, கேமராவிலும் குறையில்லை, கேபிளிலும் குறையில்லை. போர்ட்தான். ஆனால் ஸ்விட்ச் புதிது. புது ஸ்விட்ச் இவ்வளவு சீக்கிரம் ஏன் கெட வேண்டும்? மின்சாரத்தை அளந்தேன், சரியாக இருந்தது. இடி இறங்கிய அடையாளமும் இல்லை. மறுநாள் காலை ஐந்தாவது போர்ட்டும் துடிக்க ஆரம்பித்தது.

காவலாளி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, நீயும் நாந்தான் புடுங்குறேன்னு நெனைக்கிறியா?"

"இல்லண்ணே."

"நெனச்சா சொல்லிடு. நான் துணிமணிய எடுத்து வைக்கணும்."

கேட்டுக்குப் பக்கத்திலேயே வேனை நிறுத்தித் தங்கினேன். காலையில் பனி, மதியத்துக்கு மேல் மழை. மூன்றாம் நாள் மழை விட்டதும் பெட்டியைத் திறக்கப் போனேன். பெட்டியின் மேல் ஒரு உரச் சாக்கு போர்த்தியிருக்கும். ஒவ்வொரு முறையும் செய்வது போல அதை எடுத்துக் கீழே போட்டேன். ஏணியின் அடித்திருகைச் சரிசெய்ய அதன் மேலேயே மண்டியிட்டேன். முந்தின நாள் செம்பனை மட்டை முழங்காலில் கீறியிருந்தது. ஈரச் சாக்கு பட்டதும் அந்தக் கீறல் திகுதிகுவென்று எரிந்தது.

எரிச்சலோடு எழுந்தபோதுதான் அந்தச் சாக்கைப் பார்த்தேன்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன். உரச் சாக்கு எங்கள் வீட்டில் வாசல் மிதியடி, கோழிக்கூட்டுக் கூரை, மழைக்கு ஒரு முனையை உள்ளே மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி. ஒரு பொருளின் மேல் கிடக்கும் சாக்கு என் கண்ணில் படாது. டவுன்காரன் எவனாவது வந்திருந்தால் முதல் நாளே, இது என்ன என்று கேட்டிருப்பான். முன்னே வந்தவர்களும் என்னைப் போலத் தோட்டத்துப் பையன்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பார்த்தேன். ஸ்விட்சைப் பெட்டியில் அடக்குவதற்காக ஓட்டைகள் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பெட்டி மூடியிலும் இடைவெளி. நாலிலும் ஐந்திலும் வெள்ளைப் பொடி. உள்ளே இருந்த செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, ஒன்று பாதி கரைந்திருந்தது. சாக்கிலிருந்து உதிர்ந்த உரம். உரமும் ஒரு உப்புதான், காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரமும் மின்சாரமும் உப்பும் சேர்ந்தால் கம்பியைத் தின்றுவிடும்.

"அண்ணே, சாக்கு யாரு போட்டது?"

"நாந்தான். சாரல் அடிக்குது, தண்ணி பூந்தா என்னத்தான கேப்பாங்க. நல்லா உதறிட்டுத்தான் போட்டேன்." கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "புது ஸ்விட்சு வந்தப்ப புதுச் சாக்கா பாத்துப் போட்டேன்."

புதுச் சாக்கில் உரம் அதிகம் ஒட்டியிருக்கும், அதனால்தான் புது ஸ்விட்ச் இன்னும் சீக்கிரம் போயிருக்கிறது. சொன்னேன். அவர் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"அப்ப நாந்தானா?"

இதை ஆபீசில் எப்படிச் சொல்வது என்று வேனில் உட்கார்ந்து யோசித்தேன். பச்சை பூத்த கம்பியைக் காட்டினால், அதையும் இவர்தான் செய்தார் என்பார்கள். சாக்கு போட்டது அவர் என்பதும் உண்மை. எதையும் மறைக்க எனக்கு வராது. ஆனால் எதை முதலில் காட்டுவது என்பது என் கையில் இருந்தது. ஸ்விட்சைத் தொடாமல் விட்டேன். மறுநாள் காலைப் பனியில் கேட்டில் வேறு ஆளை நிறுத்திவிட்டு அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். கிராணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கேமராப் படங்கள் ஓடும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

"என்னா பாஸ், படம் காட்டப் போறியா?"

"ஆமா. கொறிக்கக் கச்சான்தான் இல்ல."

காத்திருந்தோம். அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரைப் பார்க்க வந்த அப்பாவைப் போல உட்கார்ந்திருந்தார். நாலாவது கட்டம் கறுத்தது. சற்று நேரத்தில் வந்தது. பிறகு ஐந்தாவதும் நாலாவதும் சேர்ந்து கறுத்தன. கிராணி திரையைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார். அவரும் நின்று பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் சாக்கைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப சாக்கப் போட்டவரு..." என்று ஆரம்பித்த கிராணி சட்டென்று நெற்றியில் கையை வைத்தார். "ஐயையோ. எங்க வீட்டுத் தண்ணி மோட்டாருக்கும் அதத்தான் லா போர்த்தியிருக்கேன்."

காவலாளி சிரிக்கவில்லை. "நான் கேட்டுக்குப் போறேன்" என்று எழுந்து போனார்.

மூடி இறுகும் பெட்டி ஒன்றைக் கொட்டகைக்கு உள்ளே அடித்து, புது ஸ்விட்சை ஓட்டைகள் கீழே பார்க்கும்படி மாட்டினேன். குலை திருடியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அது என் வேலையும் இல்லை. நான் கம்போங் குவாந்தான் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

போர்ட்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கேமராப் படங்களைப் போனில் அவ்வப்போது பார்ப்பேன். ஓடின. ஆனால் நாலாவது படத்தில், கேட்டுக்கு எதிரே, நடு வெயிலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அதே இடம். தலையில் துண்டு. கூப்பிட்டேன்.

"அண்ணே, வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? கொட்டகைக்குள்ள போங்க."

"உள்ள உக்காந்தா கேமராவுல விழ மாட்டேன் தம்பி. நான் இங்கதான் இருந்தேன்னு தெரியணும்ல."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே."

"இன்னைக்குச் சரி." பிறகு கேட்டார்: "நீ இப்பப் பாக்குறியா?"

"பாக்குறேன்."

"சாப்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"நானும் இல்ல."

அதன் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அங்கே போனேன். வேறொரு இடத்தில் கழற்றிய பழைய கேமரா ஒன்று வேனில் கிடந்தது. கிராணியிடம் கேட்டேன். "போடு லா, அவரு கருவாடாகுறதுக்கு முன்ன" என்றார். அதைக் கொட்டகைக்குள் மூலையில் மாட்டி, காலியாக இருந்த கடைசிப் போர்ட்டில் செருகினேன். அவர் நாற்காலியை உள்ளே தூக்கி வந்து மின்விசிறிக்குக் கீழே போட்டார். உட்கார்ந்து பார்த்துவிட்டு, முழு உருவமும் விழுகிறதா என்று கேட்டார். தலை வெட்டுப்படுகிறது என்றேன். நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தினார்.

"இப்ப?"

"இப்ப சரியாத் தெரியுதுண்ணே."

துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.