எடைமேடை அன்புக்கரசி

"மூணாம் நம்பர்ல யார்னா ஒக்காந்துகினு இருந்தா எய்ப்பி வுடு சாபிரா" என்று சொல்லிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றுகிறார் அன்புக்கரசி. விம்கோ நகரில் சாபிரா நடத்தும் பிரவுசிங் சென்டர் அது. சனிக்கிழமை சாயங்காலம் என்றால் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் அன்புக்கரசிக்குத்தான். முந்தானையால் கீபோர்டை ஒரு துடை துடைத்துவிட்டு இரண்டே விரலால் தட்டத் தொடங்குவார். ஆங்கில எழுத்தில் தட்டுவது திரையில் தமிழாக வந்து விழுவதை இன்றைக்கும் வாயைத் திறந்துகொண்டுதான் பார்க்கிறார்.

பிறந்தது வியாசர்பாடி, வாழ்க்கைப்பட்டது விம்கோ நகர், வேலை மணலியில் ஓர் எடைமேடையில். டேங்கர் லாரிகள் காலியாக ஒரு முறை, நிரப்பிக்கொண்டு ஒரு முறை மேடையேறும். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். மணலி ஆலைகளின் நாற்றத்துக்கு மூக்கு எப்போதோ பழகிவிட்டது. காதுதான் டிரைவர்கள் பேச்சுக்கு அலைந்துகொண்டே இருக்கிறது. கேட்டதையும் பார்த்ததையும் வாராவாரம் 'எடைமேடை' என்ற தன் வலைப்பூவில் எழுதிவிடுவார். யார் பெயரையும் போடமாட்டார். வண்டி முகப்பில் எழுதியிருப்பதுதான் ஆளின் பெயர். 'அய்யனார் துணை' புதுப்பல் கட்டிக்கொண்டார், 'அன்னை பரிசு' மாமியாரோடு ராசியாகிவிட்டார், இப்படிப் போகும்.

"வூட்ல சொன்னா டிவி பாத்துகினே ஊம் கொட்டுதுங்க. இது குறுக்க பேசாது" என்பது எழுதுவதற்கு அவர் சொல்லும் காரணம்.

குறுக்கே பேசாதது மட்டுமில்லை, நெடுநாள் யாருமே பேசவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் அது தானே திறந்து பார்த்ததுதான் என்று நினைத்துக்கொள்வார். போன மழைக்காலத்தில் மனசு விட்டுப் போயிற்று. "எவன் பட்ச்சிகினு கீறான்? இன்னியோட மூட்டை கட்டிரலாம்னு கீறேன்" என்றார் சாபிராவிடம்.

"வந்தது வந்துட்டே. மழ வுட்ற வரைக்கும் நாலு வரி எய்துக்கா" என்றாள் சாபிரா.

மழை விடவில்லை. ஆகவே எழுதினார்:

"'யெகோவாயீரே' வண்டி மேடை ஏறிச்சி. டீசல் டேங்க் ரொம்பி கீது, ஆனா காலி எடை கொறஞ்சி கீது. இன்னாடானு எட்டிப் பாத்தா டிரைவரு பாதியா கீறாரு. பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டிகினு, தண்ணி பாட்டில்ல வச்ச வாயை எடுக்காம குடிச்சிகினு கீறாரு. நைனா, நீ இளைச்சா எங்க மிஷினுக்கில்ல கெட்ட பேரு. சரி, இதான் கடைசி. கடைய மூடறேன்."

வெறும் கிண்டல். எழுதியதை வழியிலேயே மறந்தும் போனார். அடுத்த சனிக்கிழமை கால் பழக்கத்தில் சாபிரா கடைக்கே கொண்டுவந்து விட்டது. உட்கார்ந்தவர் கண்ணில் முதன்முதலாக ஒரு பின்னூட்டம் பட்டது. மஸ்கட்டில் நர்சாக இருக்கும் மகிமா என்ற பெண் எழுதியிருந்தாள்.

"அக்கா, யெகோவாயீரே எங்க அப்பா ராசையாதான். போன் பண்ணினா 'நல்லாருக்கேன்'ங்கிறதைத் தவிர அவர் வாயில வேற வார்த்தை வராது. மணலியைப் பத்தி யாராவது எழுதுறாங்களான்னு தேடித்தான் உங்க பக்கத்துக்கு வந்தேன். அப்பா வண்டி வந்துச்சான்னு வாராவாரம் பார்ப்பேன். இந்தத் தடவை படிச்சதும் எனக்குக் கை கால் ஓடலை. உடனே அண்ணனை அனுப்பி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். சர்க்கரை எக்கச்சக்கம். இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா ஸ்டியரிங்லயே மயங்கியிருப்பார்னு டாக்டர் சொன்னாங்க. இப்ப தேறிட்டார். கடையை மூடிராதீங்க அக்கா."

அன்புக்கரசி அதைச் சாபிராவிடம் காட்டி மறுபடி உரக்கப் படிக்கச் சொன்னார். "நானு தமாசுக்கு எய்தினேன்மே. அதுல ஒரு பொண்ணு அப்பனைத் தேடிகினு இருந்து கீது" என்றார். கீபோர்டு துடைத்த முந்தானையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டியவள் மகிமா என்றுதான் நாம் நினைப்போம். அன்புக்கரசியின் கணக்கு வேறு. "அது சொல்லாங்காட்டி நானு எப்பவோ வுட்டுட்டு இருப்பேன். எனக்குன்னு ஒர்த்தி கீறான்னு காட்டிச்சே, அதுக்கு நான்தான் கும்புடு போடணும்" என்பார். மழைக்கும் ஒரு கும்பிடு உண்டு, சாபிராவுக்கும் உண்டு. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. மகளின் நிச்சயதார்த்தத்தன்றும் பட்டுப்புடவையும் சந்தன வாசனையுமாக வந்து பத்து வரி தட்டிவிட்டுத்தான் பந்தியைக் கவனிக்க ஓடினார்.

ராசையா மறுபடி வண்டியெடுத்துவிட்டார். எடை போட்டதும் மற்றவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்ப நடந்து வருவார். பின்னால் நிற்கிற லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்க்கும், சட்டை செய்யமாட்டார்.

"யம்மா, சரியாப் பாத்து எழுதணும் கேட்டியளா. எம்மவ பாத்துக்கிட்டே இருப்பா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். பிறகு செருப்பைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த சாவியையும் செல்போனையும் அதன்மேல் வைத்துவிட்டு, டேங்கர் லாரி நின்ற அந்த மேடையின் நடுவில் தான் மட்டும் ஏறி, கைகளைத் தொங்கவிட்டபடி அசையாமல் நிற்பார்.