குளிசையோடு வந்த மணிக்கூடு

மருந்து கொடுப்பது பழைய வேலை. கொடுத்ததைப் போனுக்கு நிரூபிப்பதுதான் புதிய வேலை, அதைத்தான் நான் கந்தப்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் செய்கிறேன். என்னைப் போலவே சார்ஜரும் கையுமாக மேடு ஏறி, சிக்னல் தேடி மழையில் நனைந்த சகபாடிகளே, இது உங்களுக்காக.

பிள்ளைப் பருவத்திலேயே முதுமை வந்துவிடும் அபூர்வ நோய் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு குளிசை, குளிசையோடு கையில் கட்ட ஒரு மணிக்கூடு, மணிக்கூடு சொல்வதைக் கொழும்புக்கு அனுப்ப ஒரு ஆப். மூன்றும் சேர்ந்ததுதான் எங்கள் திட்டம். என் பொறுப்பில் இருந்தவள் ஒரே ஒருத்தி, தர்ஷினி. வயது ஒன்பது, உடம்பு நான்கு வயதுப் பிள்ளைக்குரியது. தலையில் முடி இல்லை. இதயம் மட்டும் முந்திக்கொண்டு கிழமாகிவிட்டது. குளிசை அவள் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும் என்றார்கள். அந்தக் கொஞ்சத்தைத்தான் அவள் அம்மா செல்வி பிடித்துக்கொண்டிருந்தாள்.

முகம் பிடிக்காத ஆப்

குளிசை விழுங்குவதற்கு முன் போன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, இன்னார்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஏழு தடவை காட்டினோம். வெளிச்சம் போதாதோ என்று, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலுக்கு வந்து காட்டினோம். கம்பளித் தொப்பியைக் கழற்றச் சொன்னேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க, கூனிக் குறுகிக் கழற்றினாள். அப்போதும் "வயது பொருந்தவில்லை" என்றே வந்தது. இந்த நோய்க்கென்றே செய்த ஆப் இது!

கொழும்பில் ஆப்பைக் கவனிக்கும் தம்பிக்குப் படத்தை அனுப்பிவிட்டு அழைத்தேன். என் கெட்ட நேரம், போன் ஸ்பீக்கரில் இருந்தது. தர்ஷினி பக்கத்தில் இருந்தாள். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "மிஸ், நீங்க பாட்டியோட போட்டோவ அனுப்பியிருக்கீங்க, பிள்ளையோடத அனுப்புங்க."

இரண்டே பட்டன்

குளிசை வயிற்றைப் புரட்டும். ரொட்டி சாப்பிட்ட பிறகு கொடுத்தாலும் பாதி நாள் வாந்திதான். ஆப்பில் இருப்பதோ "எடுத்தேன்", "எடுக்கவில்லை" என்ற இரண்டே பட்டன். எடுத்து, வெளியே வந்ததை எதில் போடுவது? மேலதிகாரியைக் கேட்டேன். விழுங்கியதும் "எடுத்தேன்" அழுத்துங்கள், அதற்குப் பிறகு நடப்பது ஆப்பின் வேலை இல்லை என்றார். அழுத்தினேன். அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்து கை தட்டும் சத்தம் கேட்கும். ஒரு நாள் வாயைத் துடைத்துக்கொண்டே தர்ஷினி கேட்டாள்: "மிஸ், நான் வாந்தி எடுக்குறதுக்கா அது கை தட்டுது?"

ஞாயிற்றுக்கிழமை

மூன்றாம் மாதம் கொழும்பில் கூட்டம். மணிக்கூடு அனுப்பிய கோடுகளைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். நாளுக்கு எத்தனையோ ஆயிரம் அடி நடந்திருக்கிறாள், நாடி சீராக இருக்கிறது, மருந்து நன்றாக வேலை செய்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன்? இவ்வளவு தாங்குகிற பிள்ளை இன்னும் தாங்கும் என்று குளிசையின் அளவைக் கூட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த டாக்டரம்மா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: "ஆறு நாளும் மலை ஏறுற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் படுத்தே கிடக்குது?"

அரைப் பேர்

மறுநாள் லயத்துக்குப் போகாமல், ஞாயிறு தவிர எல்லா நாளும் செல்வி கொழுந்து பறிக்கும் மலைக்கு நேரே போனேன். மணிக்கூடு செல்வியின் கையில் இருந்தது. பிள்ளைக் கைக்கான வார் எட்டாமல், துணிக் கிழிசல் வைத்து முடிச்சுப் போட்டிருந்தாள். நான் லயத்துக்குப் போகும்போதெல்லாம் அது பிள்ளையின் கையில்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன்.

கத்தியிருக்கக் கூடாது. "இது நடக்குறத எண்ணும், கொறஞ்சா கொழும்புல கேப்பாங்க" என்று முதல் நாள் சொன்னது நான்தான். தினமும் காலையில் பெரட்டு வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்து, கொழுந்து நிறை குறைந்த அன்று அரைப் பேர் என்று பாதிச் சம்பளம் வாங்குகிற ஒருத்திக்கு அதற்கு வேறென்ன அர்த்தம்? லயத்தில் பிறந்த எனக்கே அது உறைக்கவில்லை. செல்வி கூடையை இறக்காமலே சொன்னாள்: "பத்தடி நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்குது மிஸ், எம்புள்ளைக்கு அரைப் பேரு போட்டு குளுசைய நிப்பாட்டிருவீங்கன்னுதான் அவளுக்கும் சேத்து நான் நடந்தேன்."

நாலு வரிக் கடிதம்

மறைத்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். ஆனால் கூட்டிய அளவு அந்தச் சின்ன இதயத்தை என்ன செய்யும் என்ற பயம் விடவில்லை. நடந்ததை எழுதி, அளவைக் குறையுங்கள் என்று கேட்டேன். நாலு வரியில் பதில் வந்தது. தகவல்கள் நம்பத்தகாதவை, ஆகவே பிள்ளை திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறாள், மணிக்கூட்டையும் மீதிக் குளிசைகளையும் மீட்டு அனுப்பவும். போனில் சண்டை போட்டேன், கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். விதி அப்படித்தான் என்றார்கள்.

வாங்கப் போன அன்று செல்வி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தர்ஷினிதான் இரண்டையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்: "மணிக்கூட்டத்தானே மிஸ் அம்மா தப்பா கட்டுனாங்க, குளுசைய நான் சரியாத்தானே முழுங்குனேன்?"

ஆக, சகபாடிகளே, இந்தப் புது வைத்தியத்தில் நான் தேறிவிட்டேன்: மணிக்கூட்டை ஒரு கீறலும் இல்லாமல் மீட்டுக் கொடுத்ததற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது.